தொங்கும் கழுத்து, மங்கிய தாடைக்கோடு: எந்தச் சிகிச்சை யாருக்கு? ஒரு முழுமையான வழிகாட்டி

கழுத்துத் தோல் தளர்ந்துவிட்டது, தாடைக்கோடு மங்கிவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மெஷின் நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே பலருடைய பணமும் மாதங்களும் போய்விடுகின்றன. வெளியே பார்க்க ஒரே மாதிரி தொங்கும் இரண்டு கழுத்துகளில், ஒன்றில் தோலே தளர்ந்திருக்கும். மற்றொன்றில் தோல் நன்றாக இருந்து, அடியில் கொழுப்பு சேர்ந்திருக்கும். ஒருவருக்குப் பலன் தந்த ஊசி இன்னொருவருக்கு நிலைமையை மோசமாக்கும். அதனால் எந்தச் சிகிச்சை என்று கேட்பதற்கு முன்னால், சிக்கல் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதிக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் தாமாகவே பட்டியலிலிருந்து விலகிவிடும்.

முதல் படி: எந்த அடுக்கு என்று கண்டுபிடியுங்கள்

கழுத்தின் தோற்றத்தை முடிவு செய்பவை மேலிருந்து உள்ளே போகும் பல அடுக்குகள். முதலில் தோல். அதன் கீழே ஒரு கொழுப்பு அடுக்கு. அதற்கும் கீழே பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய, அகலமான தசை. மார்பின் மேல்பகுதியில் தொடங்கிக் கழுத்தின் முன்புறம் ஏறித் தாடைவரை விரிந்திருக்கும் தசை இது. அந்தத் தசைக்கு உள்ளேயும் இன்னொரு கொழுப்புத் திட்டு உண்டு. அதோடு தாடைக்குக் கீழ் இரண்டு பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தாங்கி நிற்பது தாடை எலும்பு. வயதாகும்போது இவை எல்லாமே மாறுகின்றன, ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று முந்திக்கொள்ளும்.

தோலில் நடப்பது கொலாஜன், எலாஸ்டின் ஆகிய நார்ப்புரதங்களின் இழப்பு. இருபதுகளுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் கொலாஜன் குறைகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வரும் முதல் சில ஆண்டுகளில் இந்த இழப்பு வேகம் பிடிக்கும். பல பெண்கள் "ஒரே வருஷத்தில் கழுத்து மாறிப்போச்சு" என்று சொல்வது கற்பனை அல்ல. தசையில் வேறு மாற்றம்: பிளாட்டிஸ்மாவின் உள்விளிம்புகள் தளர்ந்து விலகி, கழுத்தின் நடுவில் மேலும் கீழுமாக இரண்டு கயிறுகள்போல் எழும்பும். எலும்பும் சும்மா இருப்பதில்லை. தாடை எலும்பு வயதோடு தேய்கிறது, பல் இழந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. எலும்பு சுருங்கினால் அதன்மேல் விரிந்திருந்த தோல் மிச்சமாகிவிடும்.

தாடைக்கோட்டின் கதை சற்றுத் தனி. முகத்தின் மென்திசுக்கள் வயதோடு கீழே இறங்குகின்றன. ஆனால் தாடையின் முன்பகுதியில் ஒரு சிறு தசைநார் தோலை எலும்போடு பிடித்து வைத்திருக்கிறது. இறங்கி வந்த சதை அந்தப் பிடிப்புக்குப் பின்னால் தேங்கி, வாயின் இருபுறமும் கீழே சிறு பைகள்போல் தொங்கும். அதற்கு முன்னால், மோவாய்க்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் தெரியும். ஆக, மங்கிய தாடைக்கோடு என்பது பெரும்பாலும் ஒரு மேடும் ஒரு பள்ளமும் சேர்ந்த சிக்கல்.

1980-இல் டீடோ என்ற மருத்துவர் கழுத்தை ஆறு வகையாகப் பிரித்தார்: இயல்பான கழுத்து, தோல் தளர்ந்த கழுத்து, கொழுப்பு சேர்ந்த கழுத்து, தசைப்பட்டை எழும்பிய கழுத்து, மோவாய் உள்வாங்கிய கழுத்து, தொண்டை எலும்பு தாழ்வாக அமைந்த கழுத்து. இன்றும் அறுவை மருத்துவர்கள் பயன்படுத்தும் பிரிவு இது. இந்த வகைப்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே சில சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். மோவாய்க்குக் கீழே உள்ள தோலை விரல்களால் கிள்ளி இழுத்து விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் தோலில் இழுவை இருக்கிறது. மெதுவாகத் திரும்பினாலோ, மடிப்பு ஓரிரு நொடி அப்படியே நின்றாலோ தோல் தளர்ந்திருக்கிறது. அடுத்து, விரல்களுக்கு இடையே சிக்கியது காகிதம்போல் மெல்லியதா, தடிமனானதா என்று பாருங்கள். தடிமன் என்றால் கொழுப்பு. இப்போது பற்களைக் கடித்தபடி உதட்டோரங்களைக் கீழ்நோக்கி இழுத்து, கழுத்துத் தசையை இறுக்குங்கள். கயிறுபோல் எழும்புவது பிளாட்டிஸ்மா. அந்த நிலையிலேயே மறுபடியும் கிள்ளிப் பாருங்கள். இப்போது கையில் சிக்குவது தசைக்கு மேலே உள்ள கொழுப்பு மட்டுமே. முன்பு நிறையச் சிக்கி இப்போது கொஞ்சம்தான் சிக்குகிறது என்றால், மிச்சம் தசைக்குக் கீழே இருக்கிறது. அங்கே எந்த ஊசியும் மேலோட்டமான எந்திரமும் சரியாகப் போய்ச் சேராது.

கடைசியாகப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். கீழுதட்டிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு போட்டுப் பார்த்தால், மோவாய் அதற்கு நிறையப் பின்னால் இருக்கிறதா? இருந்தால் இளவயதிலேயே இரட்டைத் தாடை தெரிந்திருக்கும், எடையைக் குறைத்த பிறகும் அது மறைந்திருக்காது. அப்படிப்பட்டவர்கள் தங்களைத் தாங்களே குறை சொல்லிக்கொண்டு பட்டினி கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது எலும்பின் அமைப்பு, உணவோடு தொடர்பில்லாதது.

கழுத்தில் குறுக்காக ஓடும் வளையக் கோடுகள் வேறு விஷயம். அவை பலருக்கு இளமையிலிருந்தே இருப்பவை. தோலை உயர்த்தும் சிகிச்சைகளால் அவை மறைவதில்லை.

இரண்டாம் படி: இது வெறும் தளர்ச்சிதானா என்று உறுதி செய்யுங்கள்

அழகுச் சிகிச்சைக்குப் போகும் முன் சிலவற்றை விலக்கிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வீக்கம், விரலுக்குத் தட்டுப்படும் கட்டி, விழுங்கும்போது மேலும் கீழும் நகரும் புடைப்பு, சில வாரங்களாக மாறாத குரல் கரகரப்பு, காரணமில்லாத எடைக் குறைவு இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் பொது மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். தைராய்டு, நிணநீர்க் கணுக்கள், உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாம் இதே இடத்தில்தான் இருக்கின்றன. கழுத்து மடிப்பில் தோல் கருத்து, தடித்து, வெல்வெட் துணிபோல் இருந்தால் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமாக அது வரலாம்.

மூன்றாம் படி: அடித்தளத்தைச் சரிசெய்யுங்கள்

முதல் வேலை வெயிலைத் தடுப்பது. புற ஊதா ஏ கதிர்கள் தோலின் ஆழம்வரை சென்று கொலாஜனை உடைக்கும் நொதிகளைத் தூண்டுகின்றன. வாகனத்தின், ஜன்னலின் கண்ணாடி வழியாகவும் ஓரளவு வரும். பலருடைய கழுத்தின் இரு பக்கங்களிலும் செம்பழுப்புத் திட்டுகள் இருக்கும், மோவாயின் நிழல் விழும் நடுப்பகுதி மட்டும் தெளிவாக இருக்கும். வெயில் செய்த வேலைக்கு அதைவிட நேரடியான சான்று வேண்டாம். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீனைத் தாடைக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் கழுத்தின் பக்கங்களிலும் தடவுங்கள். முகத்தோடு நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது.

அடுத்து ரெட்டினாய்டுகள், அதாவது வைட்டமின் ஏ வகை மருந்துகள். மேலே தடவும் மருந்துகளில் கொலாஜனை ஊக்குவிப்பதற்கு நல்ல ஆதாரம் உள்ளது ட்ரெட்டினாயினுக்குத்தான். கடையில் கிடைக்கும் ரெட்டினால் அதன் மென்மையான உறவு. ஆனால் கழுத்துத் தோல் முகத்தோல் அல்ல. எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, அதனால் சீக்கிரம் எரியும், உரியும், ஆற நேரமெடுக்கும். வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு, மேலே ஈரப்பத கிரீம் என்று தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் ரெட்டினாய்டுகளைத் தவிர்க்க வேண்டும். மாற்றம் தெரிய மூன்று நான்கு மாதங்களாவது ஆகும். கிடைப்பது தோலின் தரத்தில் வரும் முன்னேற்றம்: நுண்சுருக்கம் குறையும், நிறம் சீராகும். தொங்கிய தோலை எந்த கிரீமும் தூக்கி நிறுத்தாது. "லிஃப்டிங்", "ஃபர்மிங்" என்று டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

கழுத்துப் பயிற்சிகள் பற்றி நிறையக் கேட்கிறார்கள். தளர்ந்த தோலைப் பயிற்சி இறுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. பிளாட்டிஸ்மாவைத் திரும்பத் திரும்ப இறுக்கும் பயிற்சிகளை, ஏற்கெனவே பட்டைகள் தெரிகிறவர்கள் செய்ய வேண்டாம் என்பேன். விலகிய அந்தத் தசை இழுக்கும்போதுதான் பட்டைகள் இன்னும் எழும்பித் தெரியும். நிமிர்ந்த தோரணை நல்லதுதான், பக்கவாட்டுத் தோற்றத்தை அது உடனே மாற்றும். தோலை மாற்றாது.

புகைப்பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தத் தொடங்குங்கள். பின்னால் அறுவை சிகிச்சை என்று வந்தால் அது அழகைத் தாண்டிய விஷயமாகிவிடும்.

உடல் எடை குறைந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறைக்கும் ஊசிகளாலோ இரைப்பை அறுவையாலோ நிறைய எடை இழந்தவர்களுக்கு முகத்தின் கொழுப்பும் வற்றி, கழுத்து சட்டென்று தொய்ந்து தெரியும். எடை சில மாதங்கள் ஒரே அளவில் நிலைக்கும்வரை பெரிய சிகிச்சை எதற்கும் அவசரப்படாதீர்கள். இன்று அளந்து செய்தது, இன்னும் பத்து கிலோ குறைந்ததும் பொருந்தாமல் போகும்.

நான்காம் படி: வெப்ப எந்திரங்கள் எவ்வளவு செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அறுவையில்லாமல் தோலை இறுக்குவதாகச் சொல்லும் எந்திரங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. தோலுக்கு உள்ளே கட்டுப்பாடான சூட்டைக் கொடுத்தால் கொலாஜன் நார்கள் சுருங்கும், உடல் அதைச் சிறு காயமாக எண்ணிப் புதுக் கொலாஜனைக் கட்டும். புதுக் கொலாஜன் உருவாக மாதங்கள் ஆகும் என்பதால், மூன்றாவது மாதத்துக்கு முன் பலனை மதிப்பிடக்கூடாது. சிகிச்சை முடிந்த அன்றே தெரியும் இறுக்கத்தில் பெரும்பங்கு வீக்கம்தான்.

ரேடியோ அலை எந்திரங்கள் தோலின் மேலிருந்து பரவலான வெப்பத்தைத் தருகின்றன. அல்ட்ராசவுண்ட் எந்திரங்கள் ஒலியலைகளைக் குறிப்பிட்ட ஆழத்தில் குவித்து, அங்கே மட்டும் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகின்றன. வழக்கமான ஆழங்கள் 1.5, 3.0, 4.5 மில்லிமீட்டர். 4.5 மில்லிமீட்டர் என்பது தசையை ஒட்டிய இழைப்படலம் இருக்கும் ஆழம். இந்த வகையில் அல்தெரப்பி என்ற எந்திரத்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009-இல் புருவத்தை உயர்த்தவும், 2012-இல் கழுத்துக்கும் மோவாய் அடிப்பகுதிக்கும் அனுமதி தந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். சில எந்திரங்களில், சூடு செலுத்தும் முன் அடுக்குகளைத் திரையில் பார்க்க முடியும். ஹைஃபு (குவித்த அல்ட்ராசவுண்ட்) என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் பல எந்திரங்களில் அந்த வசதி கிடையாது. கொழுப்பு மெல்லியதாக உள்ள முகத்தில் ஆழக் கணக்கு தவறினால் கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டிப்போகலாம், தாடையோரம் ஓடும் முகநரம்புக் கிளை பாதிக்கப்பட்டுச் சிரிப்பு சில வாரங்கள் கோணலாகலாம். ஒல்லியான முகம் உள்ளவர்கள், "என் முகத்தில் எந்த ஆழத்தில் செலுத்தப் போகிறீர்கள், ஏன்?" என்று கேட்டே ஆக வேண்டும்.

மைக்ரோநீட்லிங் ரேடியோ அலை என்பது நுண்ணூசிகள் வழியாக உள்ளே வெப்பத்தைத் தருவது. தளர்ச்சியோடு தோலின் சொரசொரப்பும் சேர்ந்திருந்தால் இதில் பலன் உண்டு. ஆனால் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் ஆகியவை பதிவாகி, 2025 அக்டோபரில் அதே அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. அழகு நிலையத்திலோ வீட்டிலோ செய்துகொள்ளும் சிகிச்சை அல்ல இது.

மாநிறமும் கருநிறமும் உள்ள தோலுக்கு ஒரு கூடுதல் கணக்கு இருக்கிறது. காயம் ஆறிய இடத்தில் கருமை படியும் வாய்ப்பு நமக்கு அதிகம். ரேடியோ அலையும் அல்ட்ராசவுண்டும் தோலின் நிறமியைக் குறிவைப்பவை அல்ல என்பதால், சரியாகச் செய்தால் ஒப்பளவில் பாதுகாப்பு கூடுதல். தோலை உரிக்கும் வகை லேசரும் ஆழமான ரசாயன உரிப்பும் கழுத்தில் அபாயமானவை. காயம் ஆறத் தேவையான புதுச்செல்களைத் தருவது மயிர்க்கால்களும் சுரப்பிகளும். கழுத்தில் அவை குறைவாக இருப்பதால் தழும்பும் கருமையும் சேர்ந்தே வரலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ரேடியோ அலை ஆகாது.

யாருக்கு இந்த எந்திரங்கள்? லேசான, மிதமான தளர்ச்சி, இயல்பான எடை, ஓரளவு இழுவை மிச்சமிருக்கும் தோல். பெரும்பாலும் முப்பதுகளின் பின்பகுதியிலிருந்து ஐம்பதுகளின் தொடக்கம்வரை. கிடைப்பது மிதமான முன்னேற்றம், ஓராண்டுக்கு மேல் நிலைக்கலாம். கிள்ளினால் கையளவு தோல் வருகிறவர்களுக்கு இவை ஏமாற்றமே தரும். அதைச் செய்யும் முன்பே சொல்லிவிடுகிற மருத்துவரை நம்பலாம்.

ஐந்தாம் படி: ஊசிகளை அவை சேரும் அடுக்கோடு பொருத்திப் பாருங்கள்

போட்டுலினம் டாக்சின் (போடாக்ஸ் என்பது இதன் ஒரு வணிகப் பெயர்) தசைக்கானது. பிளாட்டிஸ்மா பட்டைகளில் சிறு அளவுகளில் போட்டால் தசை தளர்ந்து, கீழ்நோக்கிய இழுப்பு குறையும், பட்டைகள் அடங்கும். தாடையோரமும் போட்டு அந்தக் கோட்டைச் சற்றுத் தெளிவாக்கும் முறையை 2007-இல் லெவி என்ற மருத்துவர் 'நெஃபெர்டிட்டி லிஃப்ட்' என்று பெயரிட்டு விவரித்தார். 2024 அக்டோபரில் போடாக்ஸுக்குக் கழுத்துப் பட்டைகளுக்கான முறையான அனுமதியும் அமெரிக்காவில் கிடைத்தது. பலன் மூன்று நான்கு மாதம். அளவு கூடினாலோ ஆழமாகப் போனாலோ விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், தலையைத் தூக்க முடியாத பலவீனம் வரலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகத்தை மெலிதாக்க மெல்லும் தசையில் இதே மருந்தைப் போடுவது இப்போது பரவலாகிவிட்டது. ஏற்கெனவே தாடையோரம் தொங்கத் தொடங்கியவர்களுக்கு அது தோலின் அடித்தாங்கலைக் குறைத்து, தொங்கலை வெளிப்படையாக்கிவிடும்.

டீஆக்சிகோலிக் அமிலம் கொழுப்புக்கானது. கைபெல்லா என்ற பெயரில் 2015-இல் அனுமதி பெற்ற இது, மோவாய்க்குக் கீழுள்ள கொழுப்புச் செல்களின் சுவரை உடைத்து அழிக்கிறது. ஒரு அமர்வில் 0.2 மில்லி வீதம் 50 ஊசிகள்வரை, குறைந்தது ஒரு மாத இடைவெளியில் அதிகபட்சம் ஆறு அமர்வுகள். ஒவ்வொரு முறையும் நல்ல வீக்கம் வரும், ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். தசைக்கு மேலே உள்ள கொழுப்பும் நல்ல இழுவையுள்ள தோலும் இருக்கிறவர்களுக்கு மட்டுமே இது. உறைகுளிரால் கொழுப்பை அழிக்கும் எந்திரத்துக்கும் இதே விதி. அரிதாக அந்த எந்திரத்துக்குப் பிறகு கொழுப்பு குறைவதற்குப் பதில் கெட்டியாகப் பெருகிவிடுவதும் உண்டு, அதைச் சரிசெய்ய அறுவைதான் வழி.

ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்ப ஊசியால் போடும் ஜெல், எலும்புக்குத் துணை. மோவாய் உள்வாங்கியவர்களுக்கும், தாடையோரப் பைக்கு முன்னால் பள்ளம் விழுந்தவர்களுக்கும், ஹையலுரானிக் அமில ஃபில்லரை எலும்பை ஒட்டி வைத்தால் கோடு நேராகும், கழுத்து நீளமாகத் தெரியும். வேண்டாமென்றால் ஹையலுரானிடேஸ் என்ற நொதியால் கரைத்துவிடலாம் என்பது பெரிய நன்மை. ஆனால் தொங்கும் பையின் மேலேயே ஃபில்லரைக் கொட்டுவது தவறு. எடை கூடி இன்னும் இறங்கும், முகம் சதுரமாகும். ஃபில்லர் ரத்தக்குழாயில் புகுந்தால் தோல் வெளுத்து, கடும் வலி எடுத்து, திசு அழியலாம். அந்த நிமிடமே கையாளத் தெரிந்தவரிடம், கரைக்கும் நொதி கையிருப்பில் உள்ள இடத்தில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கால்சியம் ஹைட்ராக்சிலபடைட், பாலி எல் லாக்டிக் அமிலம் போன்றவை கொலாஜனைத் தூண்டும் ஊசிகள். நீர்த்த கரைசலாகக் கழுத்துத் தோலில் பரப்பிப் போடும்போது தோலின் தடிமன் மெல்லக் கூடும். மெல்லிய, காகிதம்போன்ற தோலுக்கு நல்ல தேர்வு. இவற்றைக் கரைக்க மருந்து இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: நூல் சிகிச்சையை யோசித்து முடிவெடுங்கள்

முட்கள் கொண்ட கரையும் நூல்களைத் தோலுக்கடியில் செலுத்தி இழுத்துக் கட்டுவது இது. பி.டி.ஓ. (பாலிடையாக்சனோன் என்ற பொருளாலான) நூல் ஏறத்தாழ ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தூக்கல் பலருக்கு ஓராண்டைத் தாண்டுவதில்லை. தாடையோரத்தில் லேசான தொங்கலுக்கு ஒரு விசேஷத்துக்கு முன் உதவலாம். கழுத்து நாள் முழுவதும் அசையும் இடம் என்பதால் அங்கே நூல் நிலைப்பது இன்னும் குறைவு. குழி விழுதல், நூல் கையில் தட்டுப்படுதல், தொற்று ஆகியவை தெரிந்த சிக்கல்கள். சில ஆண்டுகளில் அறுவை செய்துகொள்ளப் போகிறோம் என்று தெரிந்தவர்கள் அந்தப் பணத்தை நூலில் போடாமல் சேர்த்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஏழாம் படி: அறுவை சிகிச்சையை அச்சமில்லாமல், அவசரமில்லாமல் ஆராயுங்கள்

மிச்சத் தோல் நிறைய இருக்கும்போது அதை அகற்றுவது கத்தி மட்டுமே. அறுவையிலும் அடுக்குக்கு ஏற்ற வகைகள் உள்ளன.

கொழுப்பு மட்டும் சிக்கல், தோல் நன்றாக இருக்கிறது என்றால், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் போதும். சிறு துளை, சில நாள் கட்டு, ஓரிரு வாரத்தில் இயல்பு வாழ்க்கை. தோல் தளர்ந்தவருக்கு இதையே செய்தால், தலையணைப் பஞ்சை எடுத்துவிட்டு உறையை அப்படியே விட்டதுபோல் தோல் தொய்ந்து தொங்கும். கொழுப்பை அளவுக்கு மீறி எடுத்தால் தசைப்பட்டைகளும் உமிழ்நீர்ச் சுரப்பியின் புடைப்பும் அப்பட்டமாகத் தெரியத் தொடங்கும்.

பட்டைகள்தான் சிக்கல் என்றால் பிளாட்டிஸ்மாபிளாஸ்டி. மோவாய்க்குக் கீழே உள்ள மடிப்பில் சிறு கீறல் போட்டு, விலகிய தசை விளிம்புகளை நடுவில் சேர்த்துத் தைப்பது. தசைக்கு உள்ளே உள்ள கொழுப்பையும் இதே வழியில் எடுக்க முடியும்.

தோல், தசை, தாடையோரப் பை எல்லாமே சேர்ந்திருந்தால் கழுத்துத் தூக்கலும் முகத்தின் கீழ்ப்பகுதித் தூக்கலும் சேர்ந்த அறுவை. கீறல் காதின் முன்னால் தொடங்கி, மடலைச் சுற்றி, பின்னால் முடிக்குள் போய் மறையும். பழைய காலத்தில் தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். அதனால்தான் காற்றில் இழுபட்டதுபோன்ற முகங்கள் உண்டாயின. 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர், தோலுக்கும் முகத்தசைகளுக்கும் இடையே உள்ள 'ஸ்மாஸ்' என்ற இழைப்படலத்தை விவரித்தார்கள். 1990-இல் ஹம்ரா என்ற மருத்துவர் அதற்கும் கீழே போய், திசுக்களை ஒரே தொகுதியாக நகர்த்தும் ஆழ்தள முறையை வெளியிட்டார். இன்றைய நல்ல அறுவைகளில் சுமையைத் தாங்குவது இந்தப் படலம்தான், தோல் இழுவையில்லாமல் மேலே படிகிறது. தழும்பு மெல்லியதாக இருப்பதற்கும், காதுமடல் கீழே இழுபடாமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

மோவாய் உள்வாங்கியவர்களுக்கு இதோடு மோவாய் இம்பிளான்ட் வைத்தாலோ, எலும்பை முன்னோக்கி நகர்த்தினாலோ விளைவு பெரிதாக மாறும். நீண்ட அறுவையைத் தாங்க முடியாத வயதான ஆண்களுக்கு, கழுத்தின் நடுவிலேயே மிச்சத் தோலை வெட்டித் தைக்கும் நேரடி முறையும் இருக்கிறது. தழும்பு முன்னால் தெரியும், ஆனால் அறுவை எளிது.

ஆண்கள் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. தாடி வளரும் தோல் காதை நோக்கி நகர்வதால், காதின் ஓரத்திலும் பின்னாலும் சவரம் செய்ய வேண்டி வரலாம். தாடித் தோலில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அறுவைக்குப் பின் ரத்தம் கட்டும் வாய்ப்பும் ஆண்களுக்குக் கூடுதல்.

அந்த ரத்தக்கட்டுதான் இந்த அறுவையில் அதிகம் காணப்படும் சிக்கல், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். உயர் ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாமல் மேசைக்குப் போகக் கூடாது என்பது அதனால்தான். காதுமடலுக்கு உணர்வு தரும் நரம்பு பாதிக்கப்பட்டால் காது மரத்துப்போகும். உதட்டின் கீழோரத்தை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டால் சிரிப்பு கோணலாகும், பெரும்பாலும் தற்காலிகம். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக் காதின் பின்புறத் தோலை அழுகச் செய்யலாம். ஆகவே குறைந்தது நான்கு வாரம் முன்னும், ஆறும் காலத்திலும் புகை கூடாது. நிகோடின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம், மின்சிகரெட் எல்லாமே இதில் அடக்கம். தழும்பு தடித்து வளரும் கெலாய்டு தன்மை உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். காதும் தாடையும் அதற்கு வாகான இடங்கள்.

எட்டாம் படி: மருத்துவரைச் சந்திக்கப் போகும்போது

பயன்படுத்தும் எல்லா மருந்துகளையும் எழுதி எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் இளக்கும் மருந்தை, எழுதிக்கொடுத்த இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை போன்றவையும் ரத்தப்போக்கைக் கூட்டலாம், அவற்றையும் பட்டியலில் சேருங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டிருந்தால் அதுவும் முக்கியம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என் கழுத்தில் முக்கியமான சிக்கல் எந்த அடுக்கில்?" கழுத்தைத் தொட்டு, கிள்ளி, இறுக்கச் சொல்லிப் பார்க்காமலே ஒரு பேக்கேஜை நீட்டுகிற இடத்தில் மேலே பேச வேண்டியதில்லை. பிறகு, என் நிறமும் வயதும் ஒத்தவர்களின் முன்பின் படங்கள் இருக்கின்றனவா, அவை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுத்தவையா என்று பாருங்கள். மோவாயை ஒரு விரல் அளவு தூக்கினாலே எந்தக் கழுத்தும் அழகாகத் தெரியும். சிகிச்சையைச் செய்யப்போவது அவரா, உதவியாளரா? சிக்கல் வந்தால் இரவில் யாரை அழைப்பது? பலன் வராவிட்டால் அடுத்த வழி என்ன? ஊசிக்கும் எந்திரத்துக்கும் தகுதிபெற்ற தோல் மருத்துவர், அறுவைக்கு முகத்தில் அனுபவமுள்ள பிளாஸ்டிக் சர்ஜன் அல்லது முக அறுவை நிபுணர் என்பதில் சமரசம் வேண்டாம்.

ஒன்றுக்கு மேற்பட்டவை தேவைப்பட்டால் வரிசை முக்கியம். முதலில் எடையை நிலைப்படுத்துவது, அப்புறம் கொழுப்பு, அதன் வீக்கம் முழுவதும் வடிந்த பின் தோலை இறுக்குவது, கடைசியில் ஃபில்லரால் கோட்டைத் திருத்துவது. கொழுப்பு இருக்கும்போதே கோட்டைத் திருத்தினால் பின்னால் எல்லாம் மறுபடியும் மாறும்.

ஒன்பதாம் படி: செய்த பிறகு

எந்திரச் சிகிச்சைக்குப் பிறகு சில நாள் சிவப்பும் வீக்கமும் தொட்டால் வலியும் இயல்பு. வெயிலைக் கண்டிப்பாகத் தவிருங்கள், கருமை படிவது அப்போதுதான். ரெட்டினாய்டை மருத்துவர் சொல்லும் நாள்வரை நிறுத்தி வையுங்கள்.

அறுவைக்குப் பிறகு முதல் வாரம் தலையை உயர்த்தித் தூங்க வேண்டும். தையல் பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டிப் பிரிக்கப்படும். வெளியே போகத் தயங்காத அளவுக்கு வீக்கமும் கன்றலும் குறைய இரண்டு மூன்று வாரம், கடும் உடற்பயிற்சிக்கு நான்கு முதல் ஆறு வாரம். தோல் மரமரப்பு மாதங்கள் நீடிக்கலாம். தழும்பு முழுதாக முதிர ஓராண்டு ஆகும். மூன்றாம் நாளில் கண்ணாடி பார்த்து மனம் உடைந்துபோகிறவர்கள் நிறையப் பேர். அந்த நாளில் யாருமே நன்றாகத் தெரிவதில்லை.

எல்லாச் சிகிச்சைக்கும் முன்பு ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், முன்னும் பக்கவாட்டிலும் படம் எடுத்து வையுங்கள். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதேபோல் எடுத்து ஒப்பிடுங்கள். அடுத்த அமர்வு தேவையா என்ற முடிவை அந்தப் படங்களை வைத்தே எடுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. ஒரு பக்கம் மட்டும் திடீரென வேகமாக வீங்குவது, மருந்துக்கு அடங்காமல் ஏறும் வலி, தோல் வெளுப்பது அல்லது ஊதா வலைபோல் நிறம் மாறுவது, காய்ச்சலோடு சீழ் இவற்றில் எது வந்தாலும் அதே மணியில் மருத்துவரை அழையுங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் என்றால் அழைத்துக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.